புறா வாசம் பட்ட கை

வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் ரதீபாவை அவள் வளர்த்த பாம்பு கடித்தது. எட்டு வருஷம் கடிக்காமல் இருந்துவிட்டு அது பொறுக்கியெடுத்த நாளைப் பாருங்கள். அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்த்தலைவர் உம்தாவின் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து. அதில் ரதீபாதான் ஒரே சாட்சி.

உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. அது விஷமில்லாத பாம்பு. மணல் நிறம், முதுகில் பழுப்புக் கட்டங்கள், ஆள் உயர நீளம். நடையில் இருக்கும் மிடுக்கைப் பார்த்து 'ஹானிம்' என்று பேர் வைத்திருந்தாள்; பெரிய வீட்டுச் சீமாட்டிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாய் உடைந்த பழைய தண்ணீர்ச் சால்தான் சீமாட்டியின் மாளிகை.

ஆனால் எஸ்னாவுக்குத் தெற்கே, நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கும் அந்தக் கரும்பு ஊரில், ரதீபாவைப் பாம்பு கடிப்பதும் இன்னொருவரைக் கடிப்பதும் ஒன்றில்லை. அவள் பாம்புச் சத்தியம் எடுத்த குடும்பம். பாம்பைக் கொல்ல மாட்டேன், பிடித்ததற்குக் காசு வாங்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்பது சத்தியம். அதைக் காப்பாற்றுகிறவரைப் பாம்பு தீண்டாது, தவறினவரைத் தேடி வந்து தீண்டும் என்பது ஊருக்கே மனப்பாடம். அவள் அப்பா பகீத்துக்கு ஆண் பிள்ளை இல்லாததால் சத்தியத்தை மகளுக்குக் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளைக்கா என்று அப்போது முணுமுணுத்த வாய்கள் எல்லாம் பிறகு தங்கள் வைக்கோல் போரில் சீற்றம் கேட்டதும் அவள் வாசலில்தான் வந்து நின்றன. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆயிற்று. பிடித்த பாம்புக்குப் பதிலாக மக்கள் கொடுக்கிற முட்டை, சர்க்கரை, புறா இவற்றில் அவள் ஜீவனம் நடந்தது.

பஞ்சாயத்துக்குக் காரணம் ஒரு தண்ணீர் மோட்டார். பக்கத்து வீட்டு ஷாஸ்லிக்கு அரை ஏக்கரில் தக்காளி. வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்க அவனிடம் இருந்தது சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரே ஒரு டீசல் மோட்டார். அதற்கு ஒரு கால் உடைந்து, கட்டில் இரும்பை ஒட்டவைத்துப் பற்றவைத்திருந்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் அது வயலிலிருந்து காணாமல் போயிற்று. தக்காளிச் செடிகள் ஒவ்வொரு வரிசையாகக் காய ஆரம்பித்தன.

பத்து நாள் கழித்து ஹாஜி கலஃபல்லாவின் வீட்டிலிருந்து ரதீபாவுக்கு ஆள் வந்தது. நிலமும் நிலத்துக்கேற்ற குரலும் உள்ள மனிதர் அவர். கொட்டகையில் ஏதோ ஊர்கிறது என்றார் அவர் மனைவி. ஹாஜி அப்போது சந்தைக்குப் போயிருந்தார். ரதீபா கரும்புத் தோகையை ஒதுக்கி, சாக்குகளைத் தூக்கினாள். கிடைத்தது ஒரு பழைய பாம்புச் சட்டை மட்டும். பாம்பு எப்போதோ போய்விட்டது. சாக்குக்கு அடியில் சிவப்பு மோட்டார் நின்றது, கட்டில் இரும்புக் காலோடு. அதே மோட்டாருக்கு அடியிலிருந்து போன வருஷம் அவளே ஒரு பாம்பை இழுத்திருந்ததால் அந்தக் காலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் நேராக உம்தாவிடம் போய்ச் சொன்னாள். பெரியவர்கள் வந்து பார்த்தபோது கொட்டகையில் தோகை மட்டும் இருந்தது. "மக்கா போய் வந்தவன் நான். மோட்டார் திருடறேனா?" என்றார் கலஃபல்லா. உம்தா யோசித்துவிட்டு, வியாழக்கிழமை ரதீபா வேதப் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சொல்லட்டும், அவள் சொல் நின்றால் ஹாஜி மோட்டாரைக் கொடுக்க வேண்டும் என்றார். பாம்புச் சத்தியக்காரியின் சொல் நிற்காமல் போகுமா என்று ஷாஸ்லி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த வலது கையைத்தான் ஹானிம் கடித்தது.

தப்பு ரதீபாவுடையது. சாலின் மேல் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும். தட்டினால் வருவது ஆள், தட்டாமல் வந்தால் சாப்பாடு. எட்டு வருஷமாக ஹானிமுக்கு அவள் பழக்கிய பாடம் அது. பாம்பு வளர்க்கிற வீட்டில் இன்னொரு விதியும் உண்டு: புறாவைத் தொட்ட கையைக் கழுவாமல் சால் பக்கம் போகவே கூடாது. அன்று காலை அவள் யாரோ கொடுத்த இரண்டு புறாக்களை இறகு பிடுங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வாய் முழுக்கக் கலஃபல்லாவுக்கு அர்ச்சனை. பஞ்சாயத்தில் அவன் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தபடியே கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, தட்டாமல், சாலுக்குள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டாள்.

முதலில் வலி வரவில்லை. வந்தது ஓர் அறை. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஈரத்துணியால் சுளீரென்று அடித்ததுபோல இருந்தது. கண் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து வந்தது சூடு. அதற்கப்புறம்தான் பற்கள் தெரிந்தன. ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக, மீன்முள்ளைவிட மெல்லிசாக, எல்லாம் உள்நோக்கி வளைந்தவை. ஹானிம் தாடையை ஒரு பக்கம் நகர்த்தி, மறுபக்கம் நகர்த்தி, விழுங்க வழி தேடியது. உடம்பு மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. அந்த இறுக்கத்துக்குள் தன் நாடி அடித்துக்கொள்வது ரதீபாவுக்குத் தெரிந்தது.

வலியைவிடப் பெரிதாக வந்தது மனத்தாங்கல். என்னையா? உனக்குக் குளிரும் என்று சாலைச் சுற்றிக் கம்பளி போர்த்தினவளையா? அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாம்பு அவளை அவளாகவே நினைக்கவில்லை, புறா என்று நினைத்தது. அது புரிந்தும் மனசு கேட்கவில்லை.

இழுக்கக் கூடாது. இழுத்தால் பல் சதையில் ஒடிந்து நிற்கும், பாம்பின் வாயும் புண்ணாகும். அவள் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வாளியைப் பக்கத்தில் இழுத்து, பாம்பும் கையுமாகக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினாள். "விடு, ஹானிம். நான்தான். விடும்மா," என்றாள். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. சின்னச் சின்ன ஊசித் துளைகள்தான்; ஆனால் அதற்கு இத்தனை ரத்தமா என்று கேட்கிற அளவுக்கு ரத்தம், தண்ணியாக, நிற்காமல். கை முழுக்கக் குறுகுறுவென்று எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷாஸ்லியின் மனைவி பத்ரிய்யா, வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கையைப் பார்த்தாள், சாலைப் பார்த்தாள். ரொட்டி கீழே விழுந்தது.

"அக்கா! கடிச்சிடுச்சா? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். நாம நெனைக்கற நாளா பார்த்துக் கடின்னு சொன்னா கேக்குமா?"

"போச்சு. எல்லாம் போச்சு. ஹாஜி இதைப் பார்த்தா சும்மா விடுவானா? பொய் சொன்னா, அதான் கடிச்சுதுன்னு கூடத்தையே கிழிச்சிடுவான். அக்கா, யாருக்கும் தெரிய வேணாம். தேள் கொட்டிச்சுன்னு சொல்லிடு."

"தேள் கொட்டினா நாப்பது ஓட்டையா விழும்?"

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லு."

"சுட்டா கொப்புளம் வரும்டி."

பத்ரிய்யா யோசித்தாள். அவள் முகம் திடீரென்று தெளிந்தது. "மருதாணி! எங்க வீட்டுல கரைச்சு வச்சிருக்கேன். கை நெறைய அப்பிடறேன். மத்தியானத்துக்குள்ள செவந்துடும். ஒரு புள்ளி தெரியாது."

ரதீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புருஷன் போய்ப் பதினொரு வருஷமானவ மருதாணி போட்டுக்கிட்டுப் பஞ்சாயத்துக்குப் போனா, கல்யாணம் பேசத்தான் வந்திருக்கான்னு நெனப்பானுங்க."

"சிரிக்காதே அக்கா! தண்ணி இல்லாம எங்க வயலு எரியுது. நீ சிரிக்கறே." அவள் கண் கலங்கிவிட்டது. "உன் வாய் வார்த்தை ஒண்ணுதான் எங்களுக்கு இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். வாய் வார்த்தை ஒண்ணுதான் இருக்கு. அதைக் கொண்டுபோய் மருதாணிக்குள்ள பொதைக்கச் சொல்றியே."

பத்ரிய்யா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ரதீபா கையில் துணியை அழுத்திப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்தாள். சிரித்ததெல்லாம் வாயோடு சரி. உண்மையைச் சொன்னால் ஷாஸ்லிக்கு மோட்டார் இல்லை, நாளை முதல் அவளைப் பாம்பு பிடிக்கக் கூப்பிட ஆளும் இல்லை. மறைத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எங்கள் வீட்டுக்கு மறைப்பது புதிதா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபம் அவளை எழுப்பி நிறுத்தியது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கட்டுப் போடவில்லை. மூன்று தட்டுத் தட்டி ஹானிமை எடுத்து மூடிபோட்ட ஓலைக் கூடைக்குள் விட்டாள். சமைத்து வைத்த புறாவை அவளால் சாப்பிட முடியவில்லை.

உம்தா வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. சாட்சி சொல்ல வந்தால் மட்டும் வாசலோரம் நிற்கலாம். ரதீபா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுக்கூடம் வரைக்கும் வந்தாள். பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். கலஃபல்லா புது வெள்ளைத் தலைப்பாகையில் உம்தாவுக்கு வலப்பக்கம் இருந்தார். ஷாஸ்லி மூலையில் குந்தியிருந்தான். பத்ரிய்யா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"வாம்மா," என்றார் உம்தா. "புத்தகத்து மேல கையை வை."

"வைக்கறதுக்கு முந்தி கையைப் பாத்துக்கங்க." ரதீபா வலது கையை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். வீங்கிச் சிவந்த கை. "இன்னிக்குக் காலையில என் ஹானிம் என்னைக் கடிச்சிடுச்சு. நானே சொல்றேன். அப்புறம் இன்னொருத்தன் சொல்லி நீங்க கேக்க வேணாம்."

கூடம் கசமுசாவென்று ஆகிவிட்டது. கலஃபல்லா எழுந்தே நின்றுவிட்டார். அவருக்கு இப்படியொரு விருந்து தானாக வந்து இலையில் விழும் என்று யார் சொன்னது?

"கேட்டீங்களா! நான் ஒரு வார்த்தை பேசல. அவ பாம்பே தீர்ப்பு சொல்லிடுச்சு. பொய் சொன்னவளைத்தானே கடிக்கும்? போதும், எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்."

"உக்காருங்க ஹாஜி. பாம்புக்கு உங்க பேரும் தெரியாது, என் பேரும் தெரியாது. புறான்னா தெரியும். புறா தொட்ட கையைக் கழுவாம, தட்டாம விட்டேன். கடிச்சிடுச்சு. முட்டாள்தனம் என்னுது."

உம்தா தாடியைத் தடவினார். நல்ல மனிதர், ஆனால் குழம்பிவிட்டார். "உங்கப்பா பகீத் அப்படிச் சொல்லலியேம்மா. சத்தியக்காரனைப் பாம்பு தொடாதுன்னு இதே கூடத்துல எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

"சொன்னாரு. அவரை மூணு தடவை கடிச்சுது. நான் கண்ணால பாத்தேன். மூணு தடவையும் வேலி முள்ளு கிழிச்சுதுன்னு ஊருக்குச் சொன்னாரு. அவரோட அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். எங்க குடும்பம் சத்தியத்தை மீறினது அங்கதான். கடிபட்டதுல இல்ல, முள்ளுன்னு சொன்னதுல." தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. "அந்த முள்ளுக் கதை என்னோட முடியட்டும். இனிமே என்னைக் கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்."

செத்துப்போன அப்பாவை நாலு பேர் முன்னால் பொய்யர் என்று சொல்லிவிட்டு எவளாவது பொய்ச்சாட்சி சொல்ல வருவாளா என்று அங்கே ஒருத்தனுக்காவது தோன்றியிருக்கும். தோன்றினாலும் வாயைத் திறக்கிற தைரியம் எவனுக்கும் இல்லை.

ரதீபா கூடையை இறக்கி வைத்தாள். உம்தாவின் வீட்டிலிருந்து செம்பும் சோப்பும் கேட்டு வாங்கி, கையைக் கழுவினாள். கூடையில் மூன்று தட்டு. மூடியைத் திறந்து, காயம்பட்ட கையையே உள்ளே விட்டாள். "ஹாஜி கலஃபல்லாவோட கொட்டகையில, சாக்குக்கு அடியில, ஷாஸ்லியோட மோட்டாரை நான் பாத்தேன். கட்டில் இரும்புக் கால் வச்ச மோட்டாரு. அல்லா அறியச் சொல்றேன்." ஹானிம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, முழங்கை வரைக்கும் ஏறி, அங்கே சுகமாகத் தங்கிவிட்டது.

"வயிறு ரொம்பின பாம்பு," என்றார் கலஃபல்லா.

"பட்டினி. காலையில கெடைச்சது என் கை மட்டுந்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியின் முகம் கறுத்தது. "இவ வளர்த்தது. இவ சொன்னபடி ஆடும்."

"அதெப்படி ஹாஜி? கடிச்சப்போ தீர்ப்பு, கடிக்கலேன்னா வளர்ப்பா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. எனக்கு இது வெறும் பாம்பு. தீர்ப்பு சொல்லும்னு சொன்னது நீங்க. அப்போ நீங்களும் வாங்க. கையை வச்சு, மோட்டாரு என் கொட்டகையில இல்லவே இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"அதெதுக்கு உனக்கு?"

"புறான்னா கடிக்கும். முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் ரதீபா ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

"வெண்டைக்காய்க் கறி."

"அப்போ பயமில்ல. எதுக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கங்க."

கலஃபல்லா உம்தாவைப் பார்த்தார். உம்தா செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார். நகக்கண்ணைக் கழுவினார், மணிக்கட்டைக் கழுவினார், மறுபடியும் சோப்பை எடுத்தார். தொழுகைக்குக்கூட அவர் இத்தனை பக்தியாகக் கழுவி யாரும் பார்த்ததில்லை. செம்புத் தண்ணீர் தீர்ந்து இன்னொரு செம்பு வந்தது. கூடம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கழுவினது போதும், ஹாஜி," என்றார் உம்தா.

அவர் கூடைக்கு முன்னால் வந்து நின்றார். "எனக்குப் பாம்புன்னா சின்ன வயசுலேருந்தே ஆகாது," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"நியாயம்," என்றாள் ரதீபா. "பயந்தவனெல்லாம் திருடன்னு நான் சொல்ல மாட்டேன்." ஹானிமைக் கையிலிருந்து கழற்றிக் கூடைக்குள் விட்டு, மூடியைப் போட்டு, கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டாள். "இப்போ எப்படியும் கடிக்க முடியாது. மூடி மேல வச்சுச் சொல்லுங்க. அது போதும்."

ஹாஜி கலஃபல்லா கையை நீட்டினார். மூடிக்கு ஒரு சாண் உயரத்தில் கை நின்றுவிட்டது. பாம்பு உள்ளே, மூடி மேலே, கயிறு அதற்கும் மேலே. கடிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் கை இறங்கவில்லை. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் ஓலை மூடியின் மேல் சொட்டியது. உள்ளே ஹானிம் அசைகிற சத்தம் கேட்டது. கை பின்னால் போனது.

உம்தா செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு ஹாஜியின் முகத்தைப் பார்க்காமலே, "பொழுது சாயறதுக்குள்ள மோட்டார் ஷாஸ்லியோட வயல்ல இருக்கணும்," என்றார். எந்த மோட்டார் என்று கலஃபல்லா கேட்கவில்லை.

ஷாஸ்லி மூலையிலிருந்து எழுந்து வயலைப் பார்த்து ஓடியே போனான். மற்றவர்கள் கூடையைச் சுற்றிக்கொண்டார்கள். "பாத்தியா பாம்போட சக்தியை!" என்றார் ஒருவர். "என் மச்சினனை ஒரு நாள் கூட்டிக்கிட்டு வரேன், அவனையும் கை வைக்கச் சொல்லு," என்றார் இன்னொருவர்.

ரதீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியச் சொன்னது எந்தக் காதுல ஏறிச்சு? இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. புறா தெரியும். வழியை விடுங்க, அதுக்குப் பசிக்கும்!" கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

சாயங்காலம் வாய்க்கால் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பத்ரிய்யா வந்தாள். கையில் மருதாணிக் கிண்ணம். காலையில் கோபித்துக்கொண்டு போனவள் இப்போது ரதீபாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா அக்கா?"

"வலிக்குது. வலிக்காதுன்னு சொல்றவன் கடிபடாதவன்."

"இப்பவாவது போட்டுக்கோயேன்."

"மறைக்கறதுக்கா?"

"சீ. அழகுக்கு. எங்க வயல்ல தண்ணி பாயற சந்தோஷத்துக்கு."

ரதீபா இடது கையை அவள் மடியில் நீட்டினாள். "இந்தக் கைக்குப் போடு," என்றாள். "அந்தக் கை இப்படியே இருக்கட்டும்."